தங்கமீனின் இறுதிச் சடங்கு

கேள்வி: தொட்டியில் வளர்த்த தங்கமீன் இறந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: உடனே வெளியே எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அழுகும் உடலிலிருந்து கசியும் அம்மோனியா, அதாவது செவுள்களை அரிக்கும் நைட்ரஜன் சேர்மம், துக்கம் விசாரிக்கச் சுற்றி நிற்கும் மற்ற மீன்களையும் அதே வழியில் அனுப்பிவிடும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் மீன்தொட்டிப் பாக்டீரியா கைக்காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடியதாதலால் கையுறை அவசியம். குளத்தில் வீசுவதோ, ஊர் மீன்களுக்கு நோயைத் தானம் செய்வதாகும். வெல்லத்துடன் சம எடையில் மீனைப் புளிக்கவைத்து உழவர்கள் ஆக்கும் மீன் அமிலம் என்ற பயிரூக்கி நினைவுக்கு வரலாம்; எனினும் 30 கிராம் உடலுக்குக் கிடைப்பது ஓரிரு கரண்டியே. பூச்செடியின் அடியில் ஓரடி ஆழத்தில் புதைப்பதே தக்கது. ஆழம் குறைந்தால் சாவு வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது பக்கத்து வீட்டுப் பூனையாகவே இருக்கும்.