விடுமுறைப் பிறந்தநாளில் ஃபிரிட்ஜின் இடம்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சங்க இலக்கியத்தில் பறவை, சங்க இலக்கியத்தில் மரம், சங்க இலக்கியத்தில் மேலாண்மை என்று ஆய்வேடுகள் கெட்டி அட்டை போட்டு அடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் தை பிறந்த கையோடு பிள்ளைக்கும் பிறந்தநாள் வந்து, பொங்கல் விடுமுறைக்கு இரு பக்கத்துச் சொந்தமும் பெட்டியோடு வந்து இறங்கும் வீட்டைப் பற்றி ஆய்வுலகம் மௌனம் சாதிக்கிறது. எந்த ஆய்வேட்டைப் பிரித்தாலும் முதல் இயலிலேயே ஆய்வாளர் ஓர் ‘ஆய்வு இடைவெளி’யைக் கண்டுபிடித்திருப்பார். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் ராத்திரி ஹாலைக் கடக்கக் கால் வைக்க இடைவெளி கிடையாது. ஆகவே இவ்வாய்வு இன்றியமையாததாகிறது.

2. களமும் முறையும்

களம்: மதுரையில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. காலம்: போகி முதல் காணும் பொங்கல் வரை. முறை: பங்கேற்புக் கவனிப்பு. அதாவது, எல்லாரும் வேலை பார்க்கையில் ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பது. இம்முறை பற்றிக் களத்திலேயே கடும் விமர்சனம் எழுந்தது (இல்லாள், வாய்மொழி, அடுப்படி). அவ்விமர்சனம் ஆய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

3. முன்னோர் கருத்து

அரசன் பிறந்தநாளைக் கொண்டாடுவதைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்று பாடாண் திணையில் வைக்கிறது. அன்று அரசன் கோபத்தை ஒதுக்கிவிடுவான், வெள்ளை உடுப்பான், சிறையில் கிடப்பவர்களை விடுவிப்பான் என்பது உரை மரபு. இதைக் களத்தோடு ஒப்பிட்டால்: கோபம் ஒதுக்கல் வழக்கொழிந்தது. வெள்ளை உடுத்தல், கிரீமை முகத்தில் பூசும் அண்ணன்மார் இருப்பதால் பரிந்துரைக்கத்தக்கதன்று. சிறைவிடுதல் மட்டும் ‘டியூஷனுக்கு லீவு’ என்ற வடிவில் இன்றும் நிலவுகிறது.

அரசன் கேக் வெட்டினானா? சான்று இல்லை. சான்று இல்லாமை தமிழில் எந்த ஆய்வையும் தடுத்ததில்லை. பழைய நூல்களில் வரும் பண்ணியம் என்னும் தின்பண்டம் கேக்கேதான் என்று யாரேனும் இந்நேரம் கட்டுரை எழுதி, கருத்தரங்கப் பதிவுக் கட்டணமும் கட்டியிருப்பார். 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்ட கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சான்று உண்டு. ஆனால் அதைச் சொன்னால் பெருமை மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் விவாதிக்காமல் விடப்படுகிறது.

4. பிறந்தநாள் எது?

ஒருவருக்குப் பிறந்தநாள் மூன்று: நட்சத்திரம், ஆங்கிலத் தேதி, சர்டிபிகேட் தேதி. நிலா நட்சத்திரங்களை ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 27.3 நாள். தை மாதத்துக்கோ 29 அல்லது 30 நாள். எனவே ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு தடவை வர வழி உண்டு. வந்தால் இரண்டு தடவையும் பாயசம் என்பது அப்பத்தா கொள்கை (அப்பத்தா, வாய்மொழி, திண்ணை). இரண்டு தடவையும் பாத்திரம் கழுவுவது யார் என்பது சித்தி எழுப்பும் தடை (சித்தி, அதே திண்ணை, சற்று உரத்த குரல்).

சர்டிபிகேட் தேதி தனி வரலாறு. அந்தக் காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது. தேதி தலைமையாசிரியர் போட்டது. 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்கிறது கணிதம். எங்கள் பெரியப்பாமார் விஷயத்தில் 23 பேர் தேவைப்படவில்லை. ஒரே தலைமையாசிரியர் போதுமானதாக இருந்தார்.

5. விருந்தினர் வகைப்பாடு

அ. முன்கூட்டிச் சொல்லி வருவோர்: அருகிவரும் இனம்.

ஆ. ‘மாட்டுத்தாவணி வந்துட்டோம்’ என்பதையே முதல் தகவலாகத் தருவோர்: பெரும்பான்மை.

இ. ‘ஒண்ணும் வேணாம்மா, காப்பி மட்டும் போதும்’ எனும் மாமாக்கள்: காப்பி வருமுன் எத்தனை தோசை உள்ளே போயிற்று என்பதற்குக் கல்வெட்டு ஏதும் கிடைக்கவில்லை.

ஈ. ஜல்லிக்கட்டுப் பேரறிஞர்கள்: தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். மூன்றையும் டிவியிலேயே பார்த்து, காளையின் திமிலை எங்கே பிடிக்க வேண்டும் என்று சோபாவிலிருந்து சொல்வோர். கேஸ் சிலிண்டர் மாற்றக் கூப்பிட்டால் இவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

உ. மாப்பிள்ளை: தனி ஆய்வேடு தேவை.

ஊ. குழந்தைகள்: எண்ணும்வரை நிற்கவில்லை.

6. ஃபிரிட்ஜ்

இனி ஆய்வின் மையப்பொருள். கேக் இரண்டு கிலோ. அதன் அட்டைப்பெட்டி எந்தத் தட்டிலும் நேராக நுழையாது. சாய்த்தால் நுழையும்; சாய்த்தால் மேலே எழுதிய பெயர் ஒரு பக்கமாக வழிந்துவிடும். ஆகவே ஒரு தட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அத்தட்டின் பூர்வகுடிகள் எங்கே போவது?

பூர்வகுடிகள் வருமாறு: இட்லி மாவுத் தூக்கு, சர்க்கரைப் பொங்கலுக்கு வாங்கிய பால் பாக்கெட்டுகள், நேற்றைய சாம்பார், முந்தாநாள் வத்தக்குழம்பு, வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம், பெரியப்பாவின் இன்சுலின், என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்காத ஐஸ்கிரீம் டப்பா ஒன்று.

இன்சுலினுக்கு எல்லாரும் வழிவிட்டனர். மாவிடம்தான் சிக்கல். லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்னும் நுண்ணுயிர் மாவைப் பொங்கவைக்கிறது. அதற்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. வெளியே வைத்தால் விடியுமுன் மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழியும். பொங்கலன்று பொங்குவது நல்ல சகுனம்தானே என்று ஆய்வாளர் முன்வைத்த கருத்து ஏற்கப்படவில்லை.

இது குறித்து இரு மரபுகள் உள்ளன. பெரியத்தை மரபின்படி, ஃபிரிட்ஜின் மூலபாடம் மாவு. கேக் பிற்கால இடைச்செருகல். மதினி மரபின்படி, மாவை நாளைக்கும் அரைக்கலாம், கேக்கை அரைக்க முடியாது. இரு மரபையும் சமரசப்படுத்தச் சென்ற சின்ன மாமா இரு தரப்பாலும் மறுக்கப்பட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார் (சின்ன மாமா, வாய்மொழி, சாப்பாட்டுக்குப் பின், இதே கருத்தைச் சாப்பாட்டுக்கு முன் அவரே மறுத்துள்ளார்).

மல்லிகையும் எளிய பொருளன்று. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூடிய ஃபிரிட்ஜில் ஓர் இரவு கிடந்தால் அதன் மணம் கேக்குக்குள் இறங்கும். வத்தக்குழம்பின் மணமும் கூடவே இறங்கும். அப்போது கேக்குக்கும் புவிசார் குறியீடு கோரலாமா என்பதைச் சட்ட ஆய்வாளர்கள் முடிவுசெய்ய வேண்டும்.

கேக்குக்கு உள்ளேயும் பிரச்சினை உண்டு. பொங்கலன்று வீட்டில் அசைவம் ஆகாது. உணவுச் சட்டம் முட்டையை அசைவத்தில் சேர்க்கிறது. எனவே அட்டையில் பச்சைப் புள்ளி உள்ள கேக்கே வாங்கப்பட்டது. கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கத்திக்கும் புள்ளி உண்டா என்று அப்பத்தா கேட்டார். ‘எல்லாம் சைவம்தான் அப்பத்தா’ என்று யாரோ சொன்ன பதில், பல வாய் மாறி வருகையில் பெரிதும் திரிந்துவிட்டது (கூற்று: மதினி; கேட்டவர்: கொழுந்தியாள், பாத்திரம் தேய்க்கும் சத்தத்தினூடே; மாடிக்குக் கொண்டுசென்றவர்: சித்தி; மாடியிலிருந்து இறக்கியவர்: எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி, ஒரு முறுக்கைக் கூலியாகப் பெற்று; அப்பத்தா காதுக்கு வந்த பாடம்: ‘இந்த வீட்டில் அப்பத்தா வச்சதுதான் சட்டமா’; மூலபாடம் மீட்கப்படவில்லை; சுத்தப் பதிப்பு கொண்டுவர முயன்ற ஆய்வாளரிடம் இரு நாள் யாரும் பேசவில்லை).

இறுதியில் கேக் எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்குப் புலம்பெயர்ந்தது. இங்கிருந்தே இவ்வாய்வின் கோட்பாடு பிறக்கிறது. எதிர்வீட்டில் இடம் கேட்டவர் எதிர்வீட்டாரைக் கேக் வெட்ட அழைக்காமலிருக்க முடியாது. அழைத்தால் கேக் பற்றாது. பற்றாதெனில் பெரிய கேக் வாங்க வேண்டும். பெரிய கேக் எதிர்வீட்டு ஃபிரிட்ஜிலும் நுழையாது.

7. வெட்டும் பாட்டும்

ஊதுவது பற்றி அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் மெய்யாகவே ஓர் ஆய்வு வெளியிட்டனர். மெழுகுவத்தியை ஊதினால் கேக் மேற்பூச்சில் கிருமிகள் 1,400 விழுக்காடு கூடுகின்றனவாம். எச்சில் ஊறுவதற்காக ஊதுவோரை முதலில் பீட்சாவை முகரவைத்தனர். போலி ஆய்வு எழுதுவோரின் பிழைப்பில் மெய்யான ஆய்வாளர்கள் இப்படி மண்ணள்ளிப் போடுவது வருத்தத்துக்குரியது. பிறந்தநாளும் அதுவுமாக விளக்கை ஊதி அணைக்காதே என்று பீட்சாச் செலவில்லாமலேயே அப்பத்தா சொல்லிவிட்டார். மெழுகுவத்தி தானாக உருகி கேக்கில் இறங்கியதால் முதல் துண்டு யாருக்கும் உதவவில்லை.

‘ஹேப்பி பர்த்டே’ பாட்டின் மெட்டு 1893-இல் கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரியர், பள்ளிப் பிள்ளைகள் காலை வணக்கம் சொல்வதற்காக வெளியிட்டது. பாட்டின் வரிகளுக்கு உரிமை கோரி ஒரு நிறுவனம் நெடுநாள் பணம் வாங்கிவந்தது. அது செல்லாது என்று 2015-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பயமின்றிப் பாடலாம். ஆனால் பெயர் சொல்லும் மூன்றாம் அடியில் பாட்டு சிதறுகிறது. பள்ளிக்கூடப் பெயரைச் சொல்வோர் சிலர், குலதெய்வத்தின் பெயரைச் சொல்வோர் சிலர், ‘குட்டி’ என்போர் சிலர், அண்ணன் பெயரைத் தவறிச் சொல்வோர் ஒருவர். பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

அன்று ராத்திரி மாமாக்கள் வயிற்றைத் தடவியபோது, அந்த ஐஸ்கிரீம் டப்பா திறக்கப்பட்டது. உள்ளே தீபாவளி லேகியம். கெட்டிப்பட்டு, கரண்டி வளையும் அளவுக்கு உறுதியாக, காரம் குறையாமல் இருந்தது. ஆளுக்கொரு உருண்டை. அட்டைப்பெட்டிக்காக முதலில் வெளியேற்றத் தீர்மானித்தது இந்த டப்பாவைத்தான் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

8. நன்றியுரை

மெய்ப்புப் பார்த்து, தட்டச்சு செய்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட துணைவியாருக்கு ஆய்வேட்டில் கடைசி வரியில் நன்றி உண்டு. அட்டையில் பெயர் கிடையாது. இந்த மரபை மீறாமல் ஆய்வாளரும் ஒரு வரி எழுதி இல்லாளிடம் காட்டினார். ‘நன்றியெல்லாம் இருக்கட்டும். இந்த மூணு மூடியைத் துருவிக் குடுத்துட்டு மிச்சத்தை எழுதுங்க’ என்று பதில் வந்தது. கீழ்க்காணும் பகுதி தேங்காய் துருவிய பின் எழுதப்பட்டது. நடையில் காணும் சுருக்கத்துக்கு அதுவே காரணம்.

9. மேலாய்வுக்குரிய தலைப்புகள்

‘கிளம்புறோம்’ என்பதற்கும் கிளம்புவதற்கும் இடைப்பட்ட காலம். போன டிபன் பாக்ஸ்கள் திரும்பாமை. வீட்டில் இருந்த போர்வைகளும் விருந்தினர் போனபின் இருக்கும் போர்வைகளும்: ஓர் ஒப்பீடு. இவற்றை மேற்கொள்ள விரும்பும் ஆய்வாளர்களுக்கு எங்கள் வீடு அடுத்த தையிலும் திறந்திருக்கும். பாயும் தலையணையும் கொண்டுவரவும். கேக் கொண்டுவர வேண்டாம்.