ஒண்டி ஆளுதானுங்க!

தாராபுரத்தில் எந்த வரிசைக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். ரேஷன் கடை, பத்திரப் பதிவு, பொங்கல் பரிசு, காடு அனுமந்தராய சுவாமி கோயிலின் சனிக்கிழமைக் கூட்டம் என எங்கேயும் இருப்பார். வரிசையின் கடைசியில் மட்டும் இருக்க மாட்டார். பக்கவாட்டில், யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கியவர் தோரணையில், கழுத்தை நீட்டி முன்வரிசையை அளந்துகொண்டிருப்பார். இரண்டு பேருக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி தெரிந்தால் போதும், குரல் வந்துவிடும்.

"ஏனுங்க, நான் ஒண்டி ஆளுதானுங்க. செத்த தள்ளிக்கிட்டீங்கன்னா போதும்."

அந்தக் குரலில் இருக்கும் பணிவுக்கு எதிராகக் கொங்கு நாட்டில் எவராலும் பேச முடியாது. "ங்க" போட்டுக் கேட்டவருக்கு "முடியாது" என்று சொல்ல நம் நாக்கு பழகவில்லை. தள்ளிக்கொள்வோம். அவர் நுழைந்துவிடுவார்.

ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் செல்போன். கையில் துணிப்பை கிடையாது. பை இருந்தால் அது இன்னொரு ஆள் இடத்தைக் கேட்கும், ஒண்டி ஆள் என்ற வாதம் பலவீனப்பட்டுவிடும் என்று அதை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவார். வீட்டம்மா பத்தடி தள்ளி, இந்த மனிதரை முன்பின் பார்த்ததேயில்லை என்ற முகத்தோடு நிற்பார். அந்த முகம் ஒரே நாளில் வந்ததல்ல, கல்யாணமான நாள் முதல் பழகியது.

இந்த வித்தையை அவர் கற்றது திருப்பூரில். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி வண்டி ஏறி, ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போய், ராத்திரி திரும்புகிறவர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், செக்கிங் என்று வரிசையாக ஓடும் லைனில் ஒரு டெய்லர் லீவு போட்டால், அந்த மிஷினுக்கு முன்னால் துணி மலையாகக் குவியும், பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். ஷிப்மென்ட் தேதி மட்டும் லீவு போடாமல் நெருங்கிவரும். அதனால் காலி மிஷின் எங்கே என்று பார்ப்பதும், அதில் யாரையாவது உட்கார வைப்பதும்தான் அவர் உத்தியோகம். கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் கண் அதையே தேடுகிறது. "காலி மிஷின் மொதலாளிக்கு நட்டம். காலி சீட்டு எல்லாத்துக்குமே நட்டமுங்க" என்பார். தத்துவத்தில் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சீட்டில் ஒவ்வொரு முறையும் உட்காருகிறவர் அவராகவே இருக்கிறார் என்பதுதான் நெருடல்.

சனிக்கிழமை ராத்திரி கம்பெனி வண்டியைத் தவறவிட்டு பஸ்ஸில் வந்தாரென்றால் வித்தையைக் கிட்டத்தில் பார்க்கலாம். நம் பஸ்ஸில் ஒரு பக்கம் இரண்டு பேர் சீட்டு, மறுபக்கம் மூன்று பேர் சீட்டு. சம்பளம் வாங்கிய கூட்டம் முட்டி மோதி ஏறும்போது அவர் மோத மாட்டார். புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்கள் மூன்று பேர் சீட்டில் உட்காரும்வரை நிதானமாக நிற்பார். இரண்டு பேர் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தால் மிச்சம் ஒன்று. "நீங்க சன்னலோரமே உக்காருங்க. நான் இந்த ஓரத்துல ஒண்டிக்கறேன்." கொடுவாய் தாண்டும்போது ஓரத்தில் ஒண்டியிருப்பவர், குண்டடம் வரும்போது சன்னலோரம் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தம்பதி எப்படி இடம் மாறினார்கள் என்பது அந்தத் தம்பதிக்கே தெரியாது.

கல்யாணப் பந்தியில் அவர் கலை முழுசாக மலரும். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் கதவு திறந்ததும், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் நின்று, அடுத்தவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா மோருக்கு வந்துவிட்டாரா என்று எண்ணிக்கொண்டிருப்பார். நம்மவர் யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்பதில்லை. ஒரு குடும்பம் "சித்தப்பா வர்றாரு" என்று பிடித்துவைத்திருக்கும் இலை எதுவென்று பார்ப்பார். "சித்தப்பாரு மொய் எழுதற எடத்துல நிக்கறாருங்க. அங்க எப்பிடியும் அரை மணி நேரமாகும். அதுவரைக்கும் எல காயோணுங்களா? நான் ஒண்டி ஆளு, வாயில போட்டுட்டு எந்திரிச்சுக்கறேன்." உட்கார்ந்ததும் முதல் வேலை, பக்கத்து இலைக்காரரை உபசரிப்பது. "தம்பி, இவங்களுக்குச் சாதம் வைங்க, மோர் வைங்க" என்று விரட்டி விரட்டிப் போட வைப்பார். உபசாரம் தாங்காமல் அந்தப் பக்கத்து இலைக்காரர் சீக்கிரம் எழுந்துகொள்வார். அந்த நாற்காலியில் கைக்குட்டை விழும். பாயசம் வரும்போது வீட்டம்மா, மச்சினன், மச்சினன் மகன் என்று அந்த வரிசையில் பாதி அவர் குடும்பமாகியிருக்கும். சித்தப்பா அடுத்த பந்தி.

இத்தனையும் ஒத்திகைதான். அரங்கேற்றம் பழனியில்.

தாராபுரத்திலிருந்து பழனி முப்பது சொச்சம் கிலோமீட்டர். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் சுமந்து போகிறவர்கள் நடந்தே போய், நடந்தே மலை ஏறுகிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு வழி இரண்டு. 1966இல் வந்த இழுவை ரயில், அதாவது விஞ்ச், மலையேற 8 நிமிடம் போல எடுக்கும். 2004இல் வந்த ரோப் கார் 3 நிமிடத்தில் மேலே சேர்த்துவிடும். 3 நிமிடச் சவாரிக்காக, கிருத்திகையும் ஞாயிறும் ஒன்றாக வந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். முருகனுக்கு நேர்ந்துகொண்டதைவிட இந்த வரிசை நகரவேண்டும் என்று நேர்ந்துகொள்கிறவர்கள்தான் அங்கே அதிகம்.

ரோப் காரில் ஒரு பெட்டிக்கு நான்கு பேர். நம் ஊர்க் குடும்பங்கள் நான்கின் மடங்கில் வருவதில்லை. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் வந்தால் ஒரு இடம் மிச்சம். ஐந்து பேர் வந்தால் ஒருவர் உபரி. இந்தக் கணக்கு அவருக்கு வாய்ப்பாடு. தடுப்புக் கம்பி ஓரமாக முன்னே போய், மூன்று பேர் குடும்பம் ஒன்று ஏறும் நேரம் பார்த்து, "ஒண்டி ஆளுங்க, காலியாத்தானுங்க போகுது" என்பார். நிற்பவர்களும் யோசிப்பார்கள். காலியாகப் போகிற இடம்தானே, நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது? வழிவிடுவார்கள். வாசலை எட்டியதும் அவர் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"அம்மிணி, வா வா! அப்புச்சியக் கையப் புடிச்சுக் கூட்டியா! கண்ணு, அம்மாயி பைய வாங்கிக்க!"

மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் வருகிற மாதிரி, கூட்டத்தின் நாலு பக்கத்திலிருந்தும் ஏழு பேர் கிளம்புவார்கள். இதுவரை ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நின்ற ஏழு பேர்.

"ஏனுங்க, ஒண்டி ஆளுன்னீங்க?" என்று ஒருவர் கொதிப்பார்.

"ஆமாங்க. குடும்பம் ஒண்ணுதானுங்களே!"

ஒரு ஆடி மாதம் முருகன் கணக்கைத் தீர்த்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து, தாராபுரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே பருவக்காற்று, பழனியில் பலமாக வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு வாசலில் நின்ற பணியாளர் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிற மனிதர். ஒண்டி ஆள் என்றவரை ஒண்டியாகவே பெட்டியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். இவர் மேலே போய் இறங்க, காற்று எழும்ப, சவாரி நின்றது. ஏழு பேர் கீழே. எல்லோருடைய டிக்கெட்டும், பணமும், பேனாவுக்குப் பின்னாலிருந்த செல்போனும் மேலே. விஞ்ச் டிக்கெட்டுக்கும் காசில்லாமல் அம்மாயி உட்பட ஏழு பேரும் படியேறி வந்து சேரும்வரை அவர் பஞ்சாமிர்தக் கடை ஓரமாக ஒண்டி நின்றார். வந்த அம்மாயி மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமி கும்பிடும்போது மட்டும், எல்லோருக்கும் கேட்கும்படி, "முருகா, இந்த ஆளு ஒண்டியாவே இருந்திருக்கலாம்" என்றாராம்.

பழக்கம் மாறியதா என்றால் இல்லை. கம்பெனியில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு டூர் கூட்டிப்போனார்கள். தண்ணீர்ச் சறுக்கில் ஒவ்வொரு வரிசையிலும் "ஒண்டி ஆளு" என்று நுழைந்து நுழைந்து எல்லாவற்றிலும் முதலில் ஏறினார். சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் போட்டோ காட்டிக்கொண்டார்கள். அவர் இருந்த ஒவ்வொரு போட்டோவிலும் பக்கத்தில் முன்பின் தெரியாத யாரோ. வீட்டம்மா ஒரு படத்திலும் இல்லை. அவர் நாள் முழுக்கப் பையைப் பார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

தம்பி மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் டிக்கெட் போட்டுக் கூப்பிட, சென்டோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு இவர் போனார். அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரி வாசலில் 'சிங்கிள் ரைடர்' என்று தனியாக ஒரு வரிசை. பையன் விளக்கினான்: ஒரு வண்டியில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு பேர், ஆகப் பன்னிரண்டு. மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஒரு இடம் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான், தனியாகப் போகச் சம்மதிக்கிறவர்களை வேறு வரிசையில் நிற்க வைக்கிறார்கள். பொது வரிசையில் நிற்பவருக்கு நட்டமில்லை, வண்டியும் காலியாக ஓடாது. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "டேய், இது நம்ம லைனுடா" என்றார். தாராபுரம் பஸ்ஸில் தான் கண்டுபிடித்ததை யாரோ போர்டு எழுதி மாட்டிவிட்டார்கள் என்ற பெருமிதம்.

உள்ளே போய்த் திரும்பியவர் முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த வரிசை முழுக்க ஒண்டி ஆட்கள். அவனவனும் இவரைப்போலவே கழுத்தை நீட்டி நிற்கிறான். எல்லோரும் குறுக்கு வழியில் வந்தால் குறுக்கு வழிதான் நெடுஞ்சாலை. கூட வந்தவரோடு உட்கார வையுங்கள் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கையை வேறு பக்கம் காட்டுகிறார்கள். அதையெல்லாம்விட அவரை வாட்டியது வேறு. ஊர் திரும்பியதும் டீக்கடையில் சொன்னார்: "அங்க ஒரு ருசியே இல்லீங்க. யாருகிட்டயும் கேக்கறதுக்கே வேலையில்ல. கேக்காமக் கெடைக்கற எடத்துல என்னங்க இருக்குது?"

காசு கொடுத்து முன்னால் போகும் வரிசையிலும் அவருக்கு மதிப்பில்லை. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 1999இல் இலவசமாகத் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் 2021இல் போய், அந்த இடத்தில் கட்டணச் சீட்டு வந்தது. 2000இல் கொச்சியில் வீகாலேண்டாகத் தொடங்கிய வொண்டர்லாவிலும் கூடுதல் காசுக்கு ஃபாஸ்ட்டிராக் உண்டு. "காசக் குடுத்தா எவன் வேணும்னாலும் முன்னால போவானுங்க. வாயக் குடுத்துப் போறதுதானுங்க தெறமை" என்பது அவர் தீர்ப்பு.

டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை ஆலோசகர் 1985இல் காத்திருப்பின் மனவியல் பற்றி எழுதினார். அதில் ஒரு முடிவு, நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்பது. பழனி வாசலில் நின்றவர்கள் இதைப் படிக்காமலேயே அறிவார்கள். காலி இடத்தில் ஒருவர் ஏறிப்போனால் யாருக்கும் வயிறு எரிவதில்லை. அவருக்குப் பின்னால் ஏழு பேர் நுழையும்போது கடிகாரமே நின்றுவிடுகிறது.

ஆகவே நம்மவரை முழுக்கத் திட்டுவதற்கில்லை. காலியாகப் போகும் இடம் வீண் என்று அவர் சொல்வது உண்மை. உண்மையிலேயே தனியாக வந்தவருக்கு அந்த இடத்தைக் கூப்பிட்டுக் கொடுப்பதுதான் நியாயம். அடுத்த கிருத்திகைக்குப் பழனி வரிசையில் உங்கள் பக்கத்திலும் ஒரு குரல் கேட்கும். தாராளமாக வழிவிடுங்கள். விடுவதற்கு முன்னால், பத்தடி தள்ளித் துணிப்பையோடு ஓர் அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால், முதலில் அவரை ஏற்றிவிடுங்கள்.