அளக்காதே கண்ணு, வாங்கிரு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. உன் சைக்கிளைத்தான் பார்த்துட்டு இருந்தேன். நாலு இஞ்சு அகல டயரு. அதை மிதிச்சுத் தொடை நோவுதுன்னு மோட்டாரு பூட்டப் போறியாமா. நெம்பச் சரி. அந்த டயரு மணல்லயும் கல்லுக்காட்டுலயும் போறதுக்குன்னு செஞ்சது. நீ போறது பேக்கரிக்கு. தார் ரோட்டுல அது தரையை அப்பிக்கிட்டுத்தான் உருளும், காத்துக் கொறைஞ்சிருந்தா இன்னும் மோசம். சல்லிசா டயரை மாத்தாம மோட்டாரு வாங்கறே பாரு, நீதாண்டா எங்குடும்பத்துப் புள்ளை.

நானும் கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டியே தலை நரைச்சவன். கேட்டதுக்கு நாலு வார்த்தை சொல்றேன்.

மொதல்ல, எதையும் அளந்து பாத்துராதே. அளக்கறதெல்லாம் என்னை மாதிரிக் கெழடுங்க வேலை. காசைக் கட்டு, மோட்டாரு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம். உங்கப்பனும் அப்படித்தான் போருக்கு மோட்டாரு வாங்கியாந்தான். என்ன, சாதாரண சைக்கிள்ள பெடலு ரெண்டும் கோர்க்கற குழா 68, இல்லீன்னா 73 மில்லி அகலம் இருக்கும். உன்னோட குண்டு டயரு சைக்கிள்ள அது 100 இருக்கலாம், 120 இருக்கலாம். சீனாக்காரன் பாஃபாங் கம்பெனியில பி.பி.எஸ்.எச்.டி.ன்னு 1000 வாட் மோட்டாரு ஒண்ணு வருது. 68, 73 ரெண்டுக்கும் ஒண்ணு, 100க்கு ஒண்ணு, 120க்கு ஒண்ணுன்னு தனித்தனியா விக்கறான். மாத்தி வாங்கினா அந்தக் குழாய்க்குள்ள நுழையாது. நுழையலீன்னா என்ன, வீட்டுல ஷோகேஸ் இருக்குதுல்ல.

அட, மூஞ்சியைத் தூக்காதே. மோட்டாரு இருக்கற எடத்தை மட்டும் நீ சரியாத்தான் புடிச்சிருக்கறே. பின்சக்கரத்து நடுவுல உக்கார்ற மோட்டாருக்கு ஒரே ஓட்டந்தான். மேட்டுல வேகம் கொறைஞ்சா ஏறற கரண்டெல்லாம் சூடாப் போயிரும். சுத்த முடியாம மோட்டாரு நிக்க, கரண்டு மட்டும் ஓடினா என்ன ஆகும்னு எங்கிட்டக் கேளு. வார்னிசு கருகற வாசத்துலயே எத்தனையோ ராத்திரி சோறு தின்னிருக்கறேன். பெடலுக்கிட்ட மாட்டற இந்த மோட்டாரு அப்படியில்ல. அது செயினைப் புடிச்சு இழுக்குது. பின்னாடி இருக்கற பல்சக்கரம் அத்தனையும் அதுக்கும் ஒத்தாசை. பெரிய பல்லுல போட்டா மோட்டாரு அதும்பாட்டுக்குச் சுத்தும், வண்டி மெதுவா மேட்டை ஏறிரும். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி இருக்குது. இந்தப் பெடல் மோட்டாரு ஏத்திவிட்டுரும்.

ஆனா கியரை மாத்தணும் சாமி. மோட்டாரு மாத்தாது, நீதான் மாத்தணும். உன் சைக்கிள்ள பின்னாடி ஏழு கியரு. வாங்கின நாள்ல இருந்து நீ தொட்டது ஒண்ணே ஒண்ணு. மீதி ஆறும் கன்னி கழியாமக் கெடக்குது. சின்னப் பல்லுலயே வெச்சு மேட்டுல முறுக்கினீன்னா உள்ள இருக்கற நைலான் பல்சக்கரம் சூட்டுல எளகிரும். முறுக்கிப் புடிச்சுக்கிட்டே கியரை மாத்தினீன்னா செயினு அறுந்துரும். மனுசன் மிதிக்கறதுக்குச் செஞ்ச செயினுடா அது. மாத்தறப்ப ஒரு நொடி விட்டுக்குடுக்கணும். உனக்குத்தான் விட்டுக்குடுத்துப் பழக்கமே இல்லியே, அதுக்குன்னு கியரு சென்சார்னு ஒண்ணு தனியா விக்கறான். கேபிளு அசைஞ்சதும் அதுவே மோட்டாரை ஒரு நொடி நிறுத்திரும். அதையும் சேத்து வாங்கு. சென்சார் இருந்தாலும் செயினும் பல்லும் முன்னைவிடச் சீக்கிரம் தேயும், அந்தச் செலவை இப்பவே எழுதி வெச்சுக்கோ.

பேட்டரி 48 வோல்ட்டு, 13 ஆம்பியர் மணிங்கறே. பெருக்கிப் பாரு, 624 வாட் மணி. 1000 வாட்டையும் ஒட்டுக்கா இழுத்தீன்னா நாப்பது நிமிசம் தாங்காது. அப்பறம் மோட்டாரு, பேட்டரி அத்தனை கனத்தையும் சேத்து நீயே மிதிச்சுக்கிட்டு வரலாம். தொடைக்கு நல்லது.

போலீசுக்காரன் புடிச்சா என்ன பண்ணுவேன்னு கேக்க மறந்துட்டேன். நம்ம நாட்டுச் சட்டப்படி 250 வாட்டுக்குள்ள, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தாத்தான் நம்பரும் லைசென்சும் வேண்டியதில்ல. 1000 வாட்டைப் பூட்டினா அது சைக்கிளு இல்ல, மோட்டாரு வண்டி. ‘சும்மா பெடலு இருக்குதுங்க சார்’னு சொல்லிப்பாரு. அவரும் சிரிச்சுக்கிட்டேதான் எழுதுவாரு.

இன்னொண்ணு இருக்குது. நீ மோட்டாரு, பேட்டரி, டிஸ்ப்ளேன்னு எல்லாம் சொன்னே, பிரேக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா? ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கற கதைதான். ஏத்திவிட்ட மோட்டாரு எறக்கத்துல கையை விரிச்சுரும். பிரீவீலு தனியாச் சுத்தும், மோட்டாரு சக்கரத்தைப் புடிக்காது. 40 கொண்டை ஊசியும் எறங்கறப்ப உன்னைத் தாங்கறது அந்தக் கேபிளு டிஸ்க்குப் பிரேக்கு மட்டுந்தான். அதுவும் கடைக்காரன் மாட்டின நாளுக்கப்பறம் ஒரு தடவைகூட முறுக்கிப் பாக்காதது. ஆயில் பிரேக்கா மாத்து, டிஸ்க்கையும் பெருசாப் போடு. கையைப் புடிச்சதும் மோட்டாரு நிக்கற மாதிரிச் சுவிச்சு வெச்ச பிரேக்குப் புடி மோட்டாரோடயே வரும். அதையே மாட்டலாம்னா உன் ஆயில் பிரேக்குக்குச் சேராது, அதுக்குத் தகுந்த சென்சாரை வாங்கிக்கோ.

இத்தனையும் கேட்டுக்கிட்டது காசுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? பிரேக்குக்கு ஆகற காசு நாந் தர்றேன். மோட்டாருக்கு உங்கப்பங்கிட்டக் கேட்டுக்கோ, ஆனா அந்தக் குழாயை அளந்துட்டுக் கேளு.