அமுக்கினா போதும், சார்!

அடுக்ககத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலி இன்னும் வரவில்லை. கையில் மஞ்சப்பை. அதற்குள் ஹேக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப், பாதி காய்ந்த எம்சீல். எந்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

ஜி.ஐ. பைப் காலத்தில் இவரால் ஆபத்து இல்லை. மரை வெட்டவும் சணல் சுற்றவும் ரெஞ்சைப் பிடித்துத் தொங்கவும் உடம்பில் பலம் வேண்டும். பி.வி.சி. வந்ததும் துணிந்தார். ஆனால் சொல்யூஷன் போட்ட ஜாயிண்ட் காய்கிறவரை தண்ணீர் திறக்கக் கூடாதே! அத்தனை நேரமும் வெறும் வாளியோடு நின்ற மனைவியின் பார்வையைத் தாங்க முடியாமல் தொழிலை விட்டார்.

பிறகு வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் வந்தது. சர்வீஸ் பையன் வெள்ளை டியூபை கனெக்டருக்குள் அமுக்கினான், கவ்விக்கொண்டது. வாயோரத்துச் சின்ன வளையத்தை உள்ளே தள்ளியபடி இழுத்தான், கழன்றது. பசை இல்லை, ரெஞ்ச் இல்லை, காய வேண்டியதும் இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அன்றே ஞானம் பிறந்துவிட்டது.

"உள்ளே பல்லு இருக்கு சார். வீட்டோட மாப்பிள்ளை மாதிரி, உள்ள போகலாம், வெளிய வர முடியாது. அமுக்கினா போதும்!"

போதாது என்பதுதான் சங்கடம். இந்த கனெக்டரில் பல் முதலில் கவ்வும். தண்ணீரைத் தடுக்கும் ஓரிங் அதற்கும் உள்ளே இருக்கிறது. டியூப் அதையும் தாண்டிக் கடைசிவரை போய் முட்ட வேண்டும். நம்மவர் பல் கவ்வியதுமே கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். டியூபை நேராக வெட்ட வேண்டும் என்பார்கள். இவர் வெட்டுவது முருங்கைக்காய் நறுக்கும் கத்தியால், சாய்வாக. கால் இஞ்ச் என்பது 6.35 மில்லிமீட்டர். கடையில் 6 மில்லிமீட்டர் டியூப்தான் இருந்ததென்றால் அதையே வாங்கி வருவார். மீதி 0.35-ஐ வங்கியில் ரவுண்ட் ஆஃப் செய்து பழகிய கை அது. ஓரிங்குக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஏங்க, சிங்க்குக்குக் கீழ ஈரமா இருக்கே?"

"வேர்த்திருக்கும்."

ஒரு வாரமாக வேர்த்து, அலமாரியின் ப்ளைவுட் உப்பிய பிறகும் இவர் ஓயவில்லை, குளியலறைக்குப் போனார். ஆன்லைனில், அதேபோல் அமுக்கினால் கவ்வும் பித்தளை புஷ்ஃபிட் கனெக்டர்கள் வந்து இறங்கின. சாதாரண சி.பி.வி.சி. கப்ளரைவிடப் பல மடங்கு விலை. அரை இஞ்ச் சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், அதே அரை இஞ்ச் வெள்ளை பி.வி.சி. குழாய்க்கு 21.3. இவர் வாங்கியது முதலாவதற்கு. வீட்டில் இருப்பது இரண்டாவது. அதையும் அவர் அறுத்த பிறகுதான் கண்டுபிடித்தார்.

கடைசியில் பிளம்பர் வருவார். குனிந்து பார்த்துவிட்டு, எல்லாப் பிளம்பர்களும் கேட்பதைக் கேட்பார்: "இது யாரு சார் போட்டது?"

"முன்னாடி வந்த ஆளு."

அந்த ஆளை அடுக்ககத்தில் யாரும் பார்த்ததில்லை.

நம்மவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு வாஷர் மாற்றக் கூப்பிட்டால் எந்தப் பிளம்பர் வருகிறார்? "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த நாளை எந்த நாள் என்பது அவருக்கே தெரியாது. யார் தயவுக்கும் காத்திராமல் ஒரு காரியத்தையாவது நாமே முடிக்கலாம் என்ற ஆசை அறுபது வயதுக்கு மேல் பொல்லாதது. கனெக்டரிலும் குற்றமில்லை. சரியான அளவில் வாங்கி, நேராக வெட்டி, பிசிறு நீக்கி, கடைசிவரை அமுக்கினால் சொட்டாது. ஆர்.ஓ. மெஷினுக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு உடைகிற குழாய்க்கும் அதைப் போல் உதவி கிடையாது. டைல்ஸுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மட்டும் நம்மவரை விடாதீர்கள்.

மற்றபடி நல்ல மனிதர். காசு வாங்க மாட்டார், காபி கொடுத்தால் சந்தோஷம். அவர் மஞ்சப்பையோடு படியேறுவதற்குள், மொட்டைமாடியில் உங்கள் வீட்டு கேட் வால்வு எது, அது உண்மையிலேயே மூடுகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.