இலவச ரூட்டர் தந்த வள்ளலுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு,
பெயர் சொல்ல விரும்பாத ஃபைபர் இணைய நிறுவனம்.

பொருள்: பணம் கட்டியும் வீட்டுக்குள் வராமல் நிற்கும் 200 எம்பிபிஎஸ் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்களுடைய 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் சேர்ந்தபோது, இரண்டு கொம்பு முளைத்த வெள்ளை ரூட்டர் ஒன்றை இலவசமாகத் தந்தீர்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைப் பார்க்கவில்லை. அடிவயிற்றில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை மட்டும் பார்த்தேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பெட்டி அது. 2009-இல் தரப்படுத்தப்பட்ட வைஃபை 4 வகை. அதைவிட முக்கியம், கேபிள் செருகும் துளைகள் எல்லாமே 100 எம்பிபிஎஸ் துளைகள். ஃபைபரில் 300 வந்தாலும் இந்த வாசலில் நுழைவது 94, 95தான். மீதி 200 சொச்சம் வெளியிலேயே நிற்கிறது. அப்படி நிற்பதற்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புகார் எண்ணில் பேசிய தங்கள் பணியாளர் மிகப் பொறுமைசாலி. “சார், பாக்ஸ்லயே என்300னு போட்டிருக்கே, 300 கண்டிப்பா வரும்” என்றார். அந்த 300, 40 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதை முழுவதும் நமக்கே கிடைத்தால் வரும் ஏட்டுக் கணக்கு. 2.4 பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்று. எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டு ரூட்டர்களும் இந்த மூன்றில்தான் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் சோறு சூடாக்குகிறது. ஆக, வைஃபையில் எனக்குக் கிடைப்பது கேபிளில் வரும் 95-இல் பாதி. மாலை ஏழு மணிக்கு மேல் அதுவும் இல்லை.

பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். செய்தேன். பிறகு, 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் வேகம் கூடும் என்றார். குழாய் வாய் ஒடுங்கியிருக்கிறது என்று புகார் சொன்னால் மாடியில் இன்னொரு தொட்டி கட்டச் சொல்லும் கொத்தனாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சட்டப்படி தாங்கள் குற்றமற்றவர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். 2023-இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, குறைந்தது 2 எம்பிபிஎஸ் கிடைத்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறுத்துவிட்டது. அந்தக் கணக்கில் தாங்கள் எனக்கு அள்ளி அள்ளித் தருகிறீர்கள்.

சரி, நாமே நல்ல ரூட்டர் வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால், அங்கே தங்களுக்கு அண்ணன்கள் இருக்கிறார்கள். ஏசி1200 என்ற பெட்டியில் 2.4 பட்டைக்கு 300, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 867. இரண்டையும் கூட்டினால் 1167. சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுக்கும் கடைக்காரரும் கூசும் அளவுக்கு அதை 1200 ஆக்கியிருக்கிறார்கள். என் ஃபோன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பட்டையில்தான் ஏறும். எதிர்வீட்டுக்காரர் 40 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு எட்டு ஆன்டெனா வைத்த வைஃபை 7 ரூட்டர் வாங்கி, டிவி மேல் கொலு வைத்திருக்கிறார். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். அவருக்குச் சாதாரண இரட்டைப் பட்டை ரூட்டரே தாராளம். லைனில் வராத வேகத்தை எந்த ஆன்டெனாவும் பெற்றெடுக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. விலையைக் கேட்டபின் மனம் வரவில்லை.

என் 300-க்குத் தேவை கிகாபிட் துளைகளும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் உள்ள வைஃபை 6 ரூட்டர். அதை வாங்கியும் விட்டேன். 5 பட்டை சுவரைத் தாண்டத் திணறும் என்பதால் கூடத்தின் நடுவில் வைக்கவும் இடம் பார்த்துவிட்டேன். (தங்கள் லைன்மேன் தம்பி, கேபிளை மிச்சம் பிடிக்க, பழைய பெட்டியை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் ஆணியடித்துவிட்டுப் போனார். தம்பியைக் குறை சொல்லவில்லை. மீட்டர் கணக்குக் கேட்பவர் தாங்கள்.)

மாட்டியபின்தான் தெரிந்தது, இணைப்பின் பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் புதுப்பெட்டி வாய் திறக்காது என்று. கேட்டேன். “பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர இயலாது” என்று பதில் வந்தது. மாதாமாதம் நான் பணம் கட்டும் இணைப்பை என்னிடமிருந்தே பாதுகாக்கும் தங்கள் அக்கறைக்கு நன்றி.

விளம்பரத்தில் 300 என்று கொட்டை எழுத்தில் போடும்போது, கூடவே தரும் பெட்டியின் துளை 100-ஆ 1000-ஆ, பட்டை ஒன்றா இரண்டா என்பதையும் பொடி எழுத்திலாவது போடுங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டக்காரருக்கு விலை குறைந்த இரட்டைப் பட்டைப் பெட்டி போதும். 300-க்குப் பணம் வாங்கினால் கிகாபிட் பெட்டி கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால் 100-க்கு மட்டும் பில் போடுங்கள். முதல் வேலையாக, அந்தக் கடவுச்சொல்லை என் பதிவு செய்த எண்ணுக்கு அனுப்பி வையுங்கள். பழைய பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வேலை நாளில் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
300-க்குக் கட்டி 95 பெறும் சந்தாதாரர்.