அழிறப்பர் இருக்கா மருமகன்?

பொது அறிவுப் புத்தகம் வாங்கியிருக்கியாமே மருமகன், உன்ட உம்மா சொன்னா. நல்ல காரியம். மந்திரிமார் பட்டியல் இருக்கிற பக்கத்தைத் திற. ஒரு அழிறப்பரும் எடுத்துக் கிட்ட வச்சுக்கோ. மிச்சத்தை மாமா சொல்லித்தாறேன்.

நீ எழுதப்போற கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்கு முன்ன ஒரு தரம் 2021 மே மாச வர்த்தமானியில விண்ணப்பம் கேட்டாங்க. அன்னைக்கு ஜனாதிபதி கோட்டாபய. பிரதமர் மகிந்த. நிதி அமைச்சும் மகிந்தவிட்டத்தான். பொடியனுகள் அதை அப்படியே பாடமாக்கினாங்க. ஜூலையில பசில் வந்து நிதியில உட்கார்ந்தார்; அழி. 2022 ஏப்ரல் 3 ராவு பிரதமரைத் தவிர மந்திரிசபையே ராஜினாமா. முழுப் பக்கத்தையும் அழி. விடிஞ்சா அலி சப்ரி நிதி அமைச்சர், எழுது. அதுக்கு மறுநாள் அவரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், அழி. கடிதத்தை யாரும் ஏத்துக்கொள்ளல்ல என்று அந்தக் கிழமையே பழைய கதிரைக்கு வந்துட்டார். தூளை ஊதிவிட்டு அதே இடத்தில மறுபடி எழுது. மே மாசம் மகிந்த போக ரணில் பிரதமர், மாசக் கடைசியில நிதியும் அவர்தான். ஜூலையில கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய்க் கடிதம் அனுப்பினார். ரணில் ஜனாதிபதி, தினேஷ் குணவர்தன பிரதமர். இவ்வளவும் முடிஞ்சு, 2023 டிசம்பர்லதான் பரீட்சை மண்டபத்துக்குக் கூப்பிட்டாங்க. விண்ணப்பத்துக்கு முத்திரை ஒட்டினதுக்கும் விடைத்தாள்ல புள்ளடி போட்டதுக்கும் நடுவில நாடு கண்ட நிதி அமைச்சர் நாலு பேர்.

அதனால மந்திரிமார் பேரைப் பேனையால எழுதாதே. பென்சில் போதும். அதுவும் பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை எழுது.

பிரதமர் யாரென்று தெரியாம முழிச்சா ரணில் என்று போட்டுட்டு வா. மனுசன் 6 தரம் சத்தியப்பிரமாணம் செஞ்சவர், எங்கயாவது ஒரு இடத்தில பொருந்தும். 2018 ஒக்டோபர் 26 தொடக்கம் டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் ரெண்டு பேர் நான்தான் பிரதமர் என்று சொல்லிக்கொண்டு திரிஞ்சாங்களே, அந்த நாளைக் கேட்டா மட்டும் பக்கத்து மேசையைப் பாராதே. அவனுக்கும் தெரியாது. அதுக்கு விடை சொல்ல நீதிமன்றமே வேண்டியிருந்தது.

எனக்கு ஒரே ஒரு கவலை. 2024 செப்டம்பர்ல அனுர குமார வந்ததும் மந்திரிசபை என்று இருந்தது மொத்தம் 3 பேர்: அவர், ஹரிணி அமரசூரிய, விஜித ஹேரத். நாட்டில இருந்த அத்தனை அமைச்சையும் அந்த மூணு பேரும் பங்கு போட்டுக்கொண்டாங்க. நவம்பர் வரைக்கும் அப்படித்தான். நம்மட பிள்ளைகளுக்கு அல்லாஹ் கொடுத்த ரெண்டு மாசம் அது. அதுக்குள்ள ஒரு பரீட்சை வைக்க யாருக்காவது தோணிச்சா? மூணு பேரைப் பாடமாக்கி முழுப் புள்ளி எடுத்திருப்பே.

மாகாண சபையை நல்லாப் படி. மாறாத விசயம் அது ஒன்றுதான். எத்தனை சபை என்று கேட்டா 9. கடைசியா எங்க தேர்தல் நடந்தது என்று கேட்டா ஊவாவில, 2014 செப்டம்பர்ல. இந்தியாவோட ஒப்பந்தம் போட்டு, 13ஆம் திருத்தம் கொண்டுவந்து, 1987இல உண்டாக்கின சபை. கட்டடம் இருக்கு, ஆளுநர் இருக்கார், வாகனம் இருக்கு. உறுப்பினர் ஒருத்தருமில்ல. இதைப் பாடமாக்க அழிறப்பரே தேவைப்படாது.

இன்னொன்று, வினாத்தாள்ல கரைத்தீவு என்று கண்டதும் துள்ளாதே. அது நம்ம புத்தளத்துக் கரைத்தீவல்ல. சுவாமி விபுலானந்தர் 1892இல பிறந்த கிழக்குக் கரைத்தீவு. 'யாழ் நூல்' எழுதினவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலயும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலயும் தமிழ்ப் பேராசிரியரா இருந்தவர். அவர் புண்ணியத்தில அவங்க ஊர் வருசா வருசம் பரீட்சைக்கு வருது. நம்ம ஊர் வண்ணாத்திவில்லுத் தாண்டி வர்ற பஸ்ஸுக்கே ஒழுங்கா வர்றதில்ல.

ஆனா ஒன்று சொல்றேன், நம்ம ஊர்ப் பேர் இல்லாம நம்ம ஊர் வினாத்தாளுக்கு வரும். களப்புக்கு அங்கால கற்பிட்டித் தரையில ராவில வெளிச்சம் தெரியுதே, நுரைச்சோலை மின் நிலையம். எத்தனை மெகாவாட் என்று புத்தகம் கேட்கும். 300 வீதம் மூணு இயந்திரம், 900. முதலாவது 2011இல ஓடத் தொடங்கினது, மூணும் முடிஞ்சது 2014இல. இதை உன்ட தங்கச்சியும் சொல்லுவா. இனி கேள், 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல். நாடு முழுக்கக் கரண்ட் போயிட்டு. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பாஞ்சிட்டு என்று அமைச்சர் சொன்னார். பாஞ்சது பாணந்துறையில, படுத்தது நுரைச்சோலையில. மூணு இயந்திரமும் நின்று, அதுகளைத் திரும்ப எழுப்ப நாள்கணக்காச்சு. அதுக்கிடையில நாடெல்லாம் முறை வச்சு ஒன்றரை மணித்தியாலம் இருட்டு.

குரங்குக்கு அவ்வளவு பலமா? பொறியியலாளர்மார் வேற கணக்குச் சொன்னாங்க. ஞாயிறு, கந்தோரெல்லாம் பூட்டு, கரண்ட் தேவை குறைவு. நல்ல வெயில், கூரையில பூட்டின சோலார்ல இருந்து கரண்ட் கொட்டுது. அதனால பாரமாச் சுழலுற பெரிய இயந்திரங்கள் கொஞ்சமாத்தான் ஓடுது. அந்த நேரத்தில எங்கயாவது ஒரு கோளாறு வந்தா அதைத் தாங்கிப் பிடிக்க லைன்ல கனமில்ல. ஆடின ஆட்டத்தில ஒன்று நிற்க, மற்றதும் தன்னைக் காப்பாத்திக்கொள்ளத் தானாவே நின்றுட்டு. இப்ப வினாத்தாள்ல, கரண்ட் போனதுக்குக் காரணம் என்ன என்று கேட்டு, முதல் விடை குரங்கு, ரெண்டாவது இது என்று இருந்தா எதுக்குப் புள்ளடி? அவசரப்படாதே. அரசாங்க வேலைக்குத்தானே போறே? எழுத்துப் பரீட்சையில அமைச்சர் சொன்னதைப் போடு. வேலை நிரந்தரமான பிறகு பொறியியலாளர் சொன்னதை மெதுவா வீட்டில சொல்லு.

குரங்கு பாடத்தை அத்தோட மூடிவிடாதே. அடுத்த மாசமே, மார்ச் 15, காலையில 8 மணிக்குத் தொடங்கி 8.05க்கு முடிய, தோட்டத்துக்கு வர்ற குரங்கு, மயில், மரஅணில் எல்லாத்தையும் நாடு முழுக்க ஒரே நேரத்தில எண்ணச் சொன்னாங்க. தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்குக் கிட்டப் போன காலம், யாரையாவது பிடிச்சாகணுமே. நம்ம புத்தளமும் குருநாகலும் கம்பஹாவும் சேர்ந்ததுதான் தெங்கு முக்கோணம் என்று உன்ட புத்தகத்தில படம் போட்டிருக்கும். அந்த முக்கோணத்துக்குள்ள இருந்துகொண்டு உன்ட மாமி சம்பலுக்குப் பாதித் தேங்காய்தான் திருவினா. அதைப் படத்தில போடமாட்டாங்க.

உப்பும் அப்படித்தான். புத்தளம் எதுக்குப் பேர் போனது? உப்புக்கு. சரி, புள்ளி போட்டாச்சு. 2025 தைமாசம் இந்தியாவில இருந்து 30,000 மெட்ரிக் தொன் உப்புக் கொண்டுவர அனுமதி கொடுத்தது எதுக்கு? மழை. உப்பு விளையணும்னா வெயிலும் காத்தும் வேணும். பாத்தி காயிற நேரத்தில மழை கொட்டினா வெறும் தண்ணிதான் மிஞ்சும். உப்பளத்தைச் சுத்திக் குடியிருக்கிற நாம அந்த வருச நோன்புக் கஞ்சியில எந்த நாட்டு உப்பைப் போட்டோம் என்று பொது அறிவுப் புத்தகம் கேட்காது. கேட்டா மாமிதான் சொல்லணும்.

குப்பையை மட்டும் நான் பகிடியாச் சொல்லமாட்டேன். 2017 ஏப்ரல் 14, புதுவருசத்தன்றைக்கு மீதொட்டமுல்லயில குப்பை மலை சரிஞ்சு வீடுகளை மூடிச்சு. 30 பேருக்கு மேல மௌத். அந்தக் கொழும்புக் குப்பைக்கு இடம் தேடினவங்களுக்கு 170 கிலோமீற்றர் தள்ளி, நமக்குப் பக்கத்து அருவக்காட்டில, சீமெந்துக்குக் கல் வெட்டின பழைய குழி கண்ணில பட்டுது. புத்தளம் சனம் மாசக்கணக்கா ரோட்டில உட்கார்ந்தாங்க. நடப்பு விவகாரம் என்று ஏதோ நீ நாட்டுக்கு வெளியில தேடுறே. பிரான்சு நாட்டுப் பிரதமர் பேரைச் சொல்லுறே. அருவக்காடு எந்தப் பக்கம் என்று கேட்டா கூகுளைத் திறக்கிறே.

வெளிநாட்டுக் கேள்வி வேணும்னா இபுனு பதூதாவைப் படி. மொறோக்கோக்காரர். 1344இல புத்தளத்தில கப்பலால இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்திச்சு, பாவா ஆதம் மலைக்கு வழிகேட்டுப் போனவர். அவருக்குப் பரீட்சை இல்ல, விசா இல்ல. பொன்பரப்பியில மண்ணுக்குள்ள இருந்து எடுத்த ஈமத்தாழிகளைப் பத்தியும் ரெண்டு வரி பார்த்துக்கோ. தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளோட சேர்த்துப் பேசுவாங்க. அதுக்குள்ள இருக்கிறவங்க பேரைப் பாடமாக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டாங்க, பயப்படாதே.

பாஸ் பண்ணுவே, இன்ஷா அல்லாஹ். 1963இல விதானைமாரை நிப்பாட்டிப் போட்டு கிராம சேவகர்மாரைக் கொண்டுவந்தாங்க. விதானைக்குப் பொது அறிவுப் பரீட்சை இருக்கல்ல. எவன்ட மாடு எவன்ட வேலியை உடைச்சது என்று தெரிஞ்சாப் போதும். உன்ட கந்தோருக்கு நாளைக்கு வரிசையில வர்றவங்க கேட்கப்போறதும் அந்த மாதிரித்தான்: அடுத்த வீட்டுக்காரிக்கு அஸ்வெசும கிடைச்சுது, எனக்கு ஏன் கிடைக்கல்ல? ஐநா செயலாளர் யார் என்று ஒரு கிழவியும் வந்து கேட்கமாட்டா.

வரிசையில முதல் ஆள் நான்தான், வதிவிடச் சான்றிதழுக்கு. மாமாதானே என்று பென்சிலால கையெழுத்துப் போட்டுத் தந்துராதே.