தாம்போதித் தூண்டில்காரர்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் மீனுக்குப் போகிறவர்கள் இரண்டு வகையினர். வள்ளமும் வலையுமாகப் போய், பிடித்ததைக் கரையில் கூறி விற்பவர் கடற்றொழிலாளர். சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு போய், சந்தை வழியாக வீடு திரும்புபவர் தூண்டில்காரர். முதலாமவருக்கு மீன் தொழில். இரண்டாமவருக்கு அது கொள்கை. இவர் பெரும்பாலும் இளைப்பாறிய ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருப்பார். வேலைக்காலத்தில் செலவாகாத பொறுமை முழுவதும் இவரிடம் மிச்சம் இருக்கும்.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எதிலும் ஆறு கிடையாது. மழைக்கு நிரம்பும் குளங்கள் கோடையில் வற்றி, மாடு படுக்கும் தரையாகிவிடும். தீவுகளுக்கிடையே கிடக்கும் ஆழங்குறைந்த பரவைக்கடல்தான் இங்கே ஏரி. அதில் மீன் விட்டு வைத்திருப்பதும் இயற்கைதான். யாழ்ப்பாணத்தை வேலணைத் தீவோடு இணைக்கும் பண்ணைத் தாம்போதி, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதி, குறிகட்டுவான் இறங்குதுறை, ஊர்காவற்றுறைக் கரை ஆகியவை தூண்டில்காரரைக் காணத்தக்க இடங்கள். தாம்போதியைத் தெரிவுசெய்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மதகுக்குக் கீழே நீர் இழுத்து ஓடும். ஓட்டத்தோடு தீனி வரும். தீனியோடு மீன் வரும். இந்தக் காரணத்தை அவர் எல்லாருக்கும் சொல்வார். நயினாதீவுக்குப் படகேறப் போகிற பஸ்கள் அவ்வழியே போகும், யன்னலோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள் என்ற இரண்டாவது காரணத்தைச் சொல்லமாட்டார்.

கருவிகள் நான்கு: தங்கூசி, முள், ஈயம், மிதப்பு. தங்கூசியை வெறும் போத்தலில் சுற்றி, நுனியைச் சுழற்றி எறிந்து, சுட்டுவிரலில் ஏந்திக்கொண்டு இருப்பதே பழைய முறை. மீன் கடிப்பது விரலுக்குத் தெரியும். மேல்நீரில் மேயும் திரளிக்கு மிதப்பு வேண்டும். தேய்ந்த றப்பர்ச் செருப்பில் வெட்டிய துண்டு போதும். ஈயத்தை ஓட்டத்துக்கு ஏற்றாற்போலக் கட்டவேண்டும். பாரம் குறைந்தால் இரை மதகுக்குள் போய்விடும்; கூடினால் கல்லிடுக்கில் மாட்டும். மாட்டினால், பெரிய கலவாய் ஒன்று கல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொல்வது வழக்கம். முள்ளைப் பொறுத்தவரை விதி எளியது: பரவைக்கடல் மீன்களில் பல சிறு வாயுடையவை, ஆதலால் சிறு முள் போடவேண்டும். தூண்டில்காரர் பாரைக்கு உரிய முள்ளையே போடுவார். முள் வாங்கும்போது அவர் நினைத்திருப்பது கடலில் உள்ள மீனையன்று, ஊருக்குச் சொல்லப்போகிற மீனை.

இரைகளில் முதலிடம் இறாலுக்கு. ஓடு உரித்து, முள்ளின் வளைவு மறைய ஏற்றினால் ஏறத்தாழ எல்லா மீனும் தொடும். தொடாமலே கழற்றித் தின்னும் மீனும் உண்டு. சந்தையில் இறால் பெரும்பாலான மீன்களைவிட விலை கூடியது என்பதைத் தூண்டில்காரரின் மனைவி பலமுறை கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். கணவாய்த் துண்டு இறுக்கமானது, லேசில் கழராது. சூடைத் துண்டு மணத்தால் மீனை அழைக்கும், ஆனால் எறிகிற வேகத்திலேயே கழன்று பறந்துவிடும். திரளிக்குப் பாணை நனைத்துப் பிசைந்த உருண்டை நல்லது. பாசி மேய்கிற ஒராவுக்குப் பாசியே இரை. மாவுருண்டையையும் அது மறுக்காது. அந்த மா, காலையில் றொட்டிக்குக் குழைத்து வைத்ததில் ஒரு பிடி குறைந்ததாக வீட்டில் பின்னர் தெரியவரும்.

மீன் பட்டபின் நடக்கவேண்டியவை வேறு. ஒராவின் முதுகில் 13, வயிற்றின் பின்புறம் 7, கீழ்த்துடுப்புகளில் 4 என மொத்தம் 24 நச்சு முட்கள் இருக்கின்றன. தூண்டில்காரரிடம் இருப்பது ஒரு முள். இந்தச் சமனின்மையால், யார் யாரைக் குத்தினார் என்பது அடிக்கடி கேள்வியாகிறது. குத்திய கையைப் பொறுக்கக்கூடிய சுடுநீரில் வைத்தால் வலி குறையும். சூட்டில் அந்த நஞ்சு வலுவிழக்கும். குத்து வாங்காதிருக்க, மீனின் தலையை முதலில் அமுக்கிப் பிடித்துத் துணியால் சுற்றி முள்ளைக் கழற்றுவதே முறை.

மற்ற மீன்கள் எதுவும் படாத நாளிலும் பேத்தை படும். நான்கு பல்லால் தங்கூசியையே கத்தரிக்க வல்ல இந்த மீன், வெளியே எடுத்ததும் பந்தாக ஊதி, தன்னைப் பிடித்தவரை முறைத்துப் பார்க்கும். அதில் உயிரைப் போக்கும் நஞ்சு இருக்கிறது. ஆகவே திரும்பக் கடலுக்குள் போடவேண்டும்.

பிடித்ததைத் திரும்ப விடுவதை ஒரு நெறியாகவே வைத்திருக்கும் கிளைவகையினர் ஆடி, ஆவணியில் லண்டனிலிருந்து வருவர். அங்கே சல்மன், டிரவுட் தவிர்ந்த நன்னீர் மீன்களை, மீன் விட்டு வளர்த்த ஏரிகளில் பொழுதுபோக்காகப் பிடிப்பார்கள். 1653இல் ஐசக் வால்டன் தூண்டில் பற்றி ஒரு நூலே எழுதிய நாடு அது. இரைக்கான ஈப்புழுவைச் சிவப்புச் சாயமேற்றி பைந்துக் கணக்கில் கடையில் விற்பார்கள். கெண்டையைப் பிடித்து, மெத்தையில் கிடத்தி, நிறுத்து, படமெடுத்து, முள் குத்திய இடத்துக்கு மருந்து பூசித் தண்ணீரில் விடுவார்கள். இதைக் கேட்ட உள்ளூர்த் தூண்டில்காரர் சற்றுநேரம் யோசித்து, "அப்ப கறிக்கு என்ன செய்யிறனீங்கள் தம்பி?" என்பார்.

குளத்து மீனை அவர் மதிப்பதில்லை. 1952இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா ஆபிரிக்க மீன். வன்னியில் அதன் பெயர் ஜப்பான் மீன். இரணைமடுக் குளத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் அது தவறாமல் படும் என்பார்கள். அவ்வளவு லேசாகப் படுகிற மீனில் என்ன மதிப்பு என்பது அவருடைய வாதம். சேறு மணக்கும் என்பது கூடுதல் வாதம்.

காலத்தைப் பொறுத்தவரை, விடியலும் பொழுதுபடும் நேரமும் நல்லவை. சோளகம் பலமாக வீசினால் தங்கூசி காற்றில் வளைந்து கடி தெரியாது. வாடையில் மழைநீர் கலந்து கடல் கலங்கும். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் இல்லை. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறினால் பல வீடுகளில் அந்த நாள்கள் முழுவதும் இல்லை. மீன்கள் அந்த நாள்களில்தான் மதகடியில் குவியும் என்று தூண்டில்காரர் உறுதியாக நம்புகிறார். சரிபார்க்க இயலாத நம்பிக்கை அது.

"என்ன அண்ணை, பட்டுதோ?" என்று வழியில் போகிறவர் கேட்டால், "நேற்றுப் பின்னேரம் வந்திருக்கவேணும் நீர்" என்பதே பதில். நேற்றுக் கேட்டவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. வீட்டுப் படலையைத் தாண்டும்போது, "இஞ்சாருங்கோ, வரேக்கை சந்தையிலை மீனும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று உள்ளிருந்து வரும் குரலுக்கு அவர் பதில் சொல்வதில்லை. ஆனால் பை எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் முழுவதும் நின்றால் இரண்டு ஒரா, ஒரு திரளி, ஒரு மணலை, விரலளவு விளை என்று வகைக்கு ஒன்றிரண்டாகச் சேரும். இது குழம்புக்கும் காணாது, பொரியலுக்கும் காணாது. ஒடியல் கூழுக்கு மட்டும் ஏற்றது. பல மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் ஒரே பானையில் வேகும் அந்தக் கூழில், எந்த மீன் தாம்போதியில் பட்டது, எது சந்தையில் வாங்கியது என்று பிரித்தறிய வழியில்லை. தூண்டில்காரர்கள் எல்லாருக்கும் ஒடியல் கூழ் பிடிக்கும்.